மூலமாதிரிகள் எங்கே?

இலக்கியத் திங்களேடொன்றிலே பூச்சியியல் நூலொன்றை விமர்சிப்பது பொருந்துமோ என வாசகர் சிலர் ஐயுறக்கூடும். ஆயின், நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் நூல் பூச்சிகளை விவரிப்பதன்று. பூச்சிகளைச் சேகரித்தோர் யாவர், அவர் சேகரித்தவை எவரெவர் கைக்கு மாறின, ஈற்றில் எந்த நூதனசாலையை அடைந்தன என்பவற்றைத் தேடித் தொகுப்பது. உடைமையின் வரலாற்றைக் கூறும் எந்நூலும் சமுதாய நோக்குடைய விமர்சனத்துக்கு உரியதேயாகும்.

வால்தெர் ஹோர்ன், இல்சே காலே ஆகிய இருவரும் 1935 தொடக்கம் 1937 வரை பேர்லினில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட, ‘பூச்சியியற் சேகரங்கள் பற்றி’ எனப் பொருள்படும் தலைப்புடைய ஜேர்மன் நூலே அது. ஹோர்ன் மருத்துவம் பயின்றவர், வண்டினங்களில் வல்லுநர், ஜேர்மன் பூச்சியியல் நிறுவனத்தின் இயக்குநராய் விளங்கியவர். 1899இல் இலங்கைக்கு வந்து பூச்சிகள் சேகரித்துச் சென்றவருங்கூட.

இத்தகைய நூலுக்கு என்ன தேவை? ஓர் இனத்துக்கு முதன்முதலாக விஞ்ஞானப் பெயரிட்டு விவரிப்பவர் எந்த உடலை ஆதாரமாகக் கொண்டாரோ அது அப்பெயரின் மூலமாதிரி எனப்படும். இலக்கியத்தில் நாம் பேசும் வகைமாதிரியோடு இதனை மயக்கலாகாது. நாவலில் வரும் வகைமாதிரிப் பாத்திரம் தன் வர்க்கத்தின் சாராம்சத்தைத் தன்னுள் கொண்டிருக்கும். பூச்சியின் மூலமாதிரியோ தன் இனத்தின் சிறந்த பிரதிநிதியாய் இருக்கவேண்டுமென்பதில்லை. இறகு கிழிந்திருக்கலாம், கால் ஒடிந்திருக்கலாம். பெயரைத் தாங்குவதொன்றே அதன் கடமை. ஒரே பெயரின் கீழ் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருந்தமை பிற்காலத்தில் வெளிப்படின், பழைய பெயர் எதற்கு உரியது என்ற வழக்கிலே அதுவே முதற் சாட்சி.

இது பண்டிதர்களின் பெயர்ச்சண்டை என்று எண்ணுவோர் 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயை நினைவுகூர்வாராக. ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களை எமது நாடு அப்பொழுது பலிகொடுத்தது. நோயைப் பரப்பிய நுளம்புக்கு அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என 1901இல் கைல்ஸ் என்பவர் பெயரிட்டிருந்தார். ஓரினம் எனக் கருதப்பட்ட அது, தோற்றத்தில் வேறுபடாத ஐந்து இனங்களின் கூட்டம் என்பது 1980இற்குப் பிந்திய ஆய்வுகளால் வெளிப்பட்டது. அவை யாவும் நோயை ஒரேயளவிற் பரப்புவனவல்ல. எந்த நுளம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளியாதவிடத்து, எந்த நுளம்பை எதிர்த்துப் பணஞ் செலவிடுவது என்பதும் தெளியாது. பெயரின் பின்னே உயிர்கள் நிற்கின்றன.

ஆயின் மூலமாதிரிகள் ஓரிடத்தில் ஒழுங்காகக் கிடப்பனவல்ல. எமது நாட்டிலும் தமிழகத்திலும் பறந்து திரியும், செம்புள்ளிகள் கொண்ட கரிய வண்ணத்துப்பூச்சிக்கு ஹெக்டர் எனப் பெயரிட்டவர் சுவீடிய அறிஞர் லின்னேயஸ், ஆண்டு 1758. அவர் இறந்தபின், 1784இல் அவரது சேகரம் ஆயிரம் கினிக்கு ஜேம்ஸ் எட்வேர்ட் ஸ்மித் என்னும் ஆங்கில இளைஞருக்கு விற்கப்பட்டு இலண்டன் சேர்ந்தது. ஸ்மித் இறந்தபின், 1829இல் லின்னேயச் சங்கம் அதனை விலைக்கு வாங்கியது. லின்னேயஸ் தம் அரசியின் சேகரத்திலிருந்தும் பல பூச்சிகளை விவரித்திருந்தார். அவை சுவீடனிலேயே தங்கி, உப்சாலாவில் உள்ளன. ஆகவே லின்னேயஸின் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்வோர் இரு நாடுகளிலே தேடவேண்டும்.

மற்றோர் உதாரணம். கல்கத்தாவில் உயர் பதவி வகித்த அட்கின்சன் 1876இல் இறந்தார். அவரது சேகரத்தை ஆதாரமாகக் கொண்டு ஹியூவிற்சன், மூர் என்னும் ஆங்கிலேயர் இருவர் எழுதிய புதிய இனங்களின் விவரணம், வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீடாகக் கல்கத்தாவில் வெளிவந்தது. எழுதியோர் ஆங்கிலேயர், வெளியிட்டது கல்கத்தா; எனவே மூலமாதிரிகள் இலண்டனில் அல்லது கல்கத்தாவில் இருக்குமென எவரும் கருதுவர். அவை இருப்பதோ பேர்லினில்! ஸ்ரவுடிங்கர் என்னும் ஜேர்மன் பூச்சி வியாபாரி அச்சேகரத்தை வாங்கியமையே காரணம். விஞ்ஞானம் சந்தையின் வழியே நடந்து சென்ற சுவடு இது.

இச்சுவடுகளைத் தொடர்வதற்கே ஹோர்னும் காலேயும் வழிகாட்டுகின்றனர். ஒவ்வொரு சேகரமும் விற்கப்பட்டதா, நன்கொடையானதா, சிதறியதா, எங்கே சேர்ந்தது என்பன அகரவரிசையிலே நிரற்படுத்தப்பட்டுள்ளன. சேகரித்தோரின் கையெழுத்துப் படங்களையும் ஆசிரியர் சேர்த்துள்ளனர். ஊசியிற் கோத்த நகமளவு சீட்டிலே யார் எழுதினார் என்பதை அறிந்தாலன்றி, அந்தப் பூச்சி யாருடையது என்று துணியவியலாது. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் உழைப்பை அறிந்த எமக்கு இப்பணியின் அருமை எளிதிற் புலனாகும். இருவரும் அழிவோடு போட்டியிட்டவரே.

அழிவு விரைந்து வந்தது. 1943இல் ஹம்பேர்க் நகரின்மீது பொழிந்த குண்டுகளால் அந்நகர் விலங்கியல் நூதனசாலையின் பூச்சிச் சேகரம் எரிந்தது. ஹோர்னின் நிறுவனம் அதே ஆண்டிற் பேர்லினைவிட்டு நாட்டுப்புற மாளிகையொன்றிற் புகலடைந்தது. யுத்தத்திற்கு முன்னர் தொகுத்த நூலின் வழிகாட்டல்கள் பல இவ்வாறு பொய்த்தன. பிற்காலத்தார் இருவர் திருத்திப் புதுக்கிய பதிப்பு, ஜேர்மன் ஜனநாயகக் குடியரசின் இறுதியாண்டாகிய 1990இலே பேர்லினில் வெளிவந்தது. 2018 செப்டெம்பர் 2ஆந் திகதி றியோ டி ஜனெய்ரோவிலுள்ள பிரேசில் தேசிய நூதனசாலை தீப்பட்டபொழுது பூச்சிச் சேகரத்தின் பெரும்பகுதி சாம்பரானது. அங்கே குண்டு வீழவில்லை. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத அரசியலே போதுமானதாயிற்று.

நூலின் பயனை ஏற்றுக்கொண்டபின், அதன் குறையையுங் கூறவேண்டும். அகரவரிசையில் அணிவகுப்போர் உடைமையாளரே: பிரபுக்கள், அதிகாரிகள், வியாபாரிகள், தோட்டத் துரைமார். இலங்கையிற் கோப்பித் தோட்டம் நடத்திய நீற்னர் என்னும் பிரஷியரின் வண்டுகள் பேர்லினில் உள்ளன. அவர் பெயரும் நிலைத்துள்ளது. காடழித்துத் தோட்டமிட்ட கைகளுக்கு எந்தச் சீட்டிலும் இடமில்லை. மூர் எழுதிய ‘இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள்’ 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக இலண்டனிலே வெளிவந்தது. ஆதரவு வழங்கியது இலங்கை அரசாங்கம். அதன் திறைசேரியை நிரப்பியது யாருடைய வியர்வை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அந்நூலின் எழிலார்ந்த படங்களுக்கு ஆதாரமானவை, பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவெயிற்சின் கீழ், ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்னவும் அவர்தம் மைந்தரும் தீட்டிய சித்திரங்களே. ஆயின் பூச்சிகளின் பெயருக்குப் பின்னே என்றும் நிற்கும் பெயர் மூருடையது. மாதிரிகளுட் பெருந்தொகையானவை இருப்பதும் இலண்டனிலேயே.

இதிலிருந்து இருவகைத் தவறான முடிவுகளுக்கு வருவோர் உளர். விஞ்ஞானம் உலகப்பொது, பூச்சி எங்கிருந்தாலென்ன என்பர் ஒரு சாரார். இலண்டனில் வாழும் ஆய்வாளர் வண்டியேறிப் பார்த்து வரும் பொருளுக்கு, யாழ்ப்பாணத்து மாணவர் விமானச்சீட்டும் அனுமதிச் சீட்டும் பெறவேண்டியிருக்கும்வரை அந்தப் பொதுமை வெறுஞ் சொல்லே. அனைத்தையும் இன்றே திருப்பித் தருக என்பர் மறுசாரார். அக்கோரிக்கையில் நியாயமுண்டு, ஆயின் கூரையும் பாச்சையுருண்டையும் பயிற்சி பெற்றோருக்கு முறையான சம்பளமும் இன்றி வந்துசேரும் பெட்டி, கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் அளிக்கும் நன்கொடையாகவே முடியும். றியோவின் பாடம் அதுவே.

நாம் வேண்டுவது வேறு. இன்று நடைமுறையிலுள்ள விலங்கியற் பெயரீட்டுச் சர்வதேச விதித்தொகுப்பு, மூலமாதிரிகள் விஞ்ஞானத்தின்பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாகக் காக்கப்படவேண்டியவை என்று விதித்துள்ளது. பொறுப்பாளன் உரிமையாளனல்லன், கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். எந்நாட்டிற் பிடித்த எப்பூச்சி எந்தப் பெட்டியிலுள்ளது என்ற முழுப்பட்டியலும், தெளிவான படங்களும், சீட்டுகளின் பிரதிகளும் அந்நாட்டு மாணவருக்கு விலையின்றிக் கிடைத்தல் வேண்டும். நூதனசாலைகள் சில இவ்வழியிற் கால்வைத்துள்ளன. ஆயின் இது அவற்றின் தயவில் தங்கியிராது, கடமையாக்கப்படவேண்டும். அதேவேளை, 1877இலே கொழும்பில் நிறுவப்பட்ட எமது நூதனசாலையையும் பல்கலைக்கழகச் சேகரங்களையும் பேணுவதற்குப் போதிய பணத்தை எமது அரசிடம் கோருவதும் எமது கடனே.

ஹோர்னும் காலேயும் உடைமையாளரின் அகரவரிசையைத் தந்தனர். பிடித்தோர், தீட்டியோர், சுமந்தோர் ஆகியோரின் வரலாறு எழுதப்படாதிருக்கிறது. அதற்கான சான்றுகள் தோட்டக் கணக்கேடுகளிலும் பூங்காவின் சம்பளப் பதிவுகளிலும் தேடப்படவேண்டியவை. அத்தேடலுக்கு விமானச்சீட்டு வேண்டுவதில்லை. பாடசாலைகளில் வரலாறும் விலங்கியலும் கற்பிப்போர் இணைந்தால் அதனை இங்கேயே தொடங்கலாம்.