அரிசிப் பையில் சிரிக்கிற தாத்தா

ஆர்கானிக் கடை அரிசிப் பைகளில் ஒரு தாத்தா இருப்பார். தலையில் முண்டாசு, பல் போன சிரிப்பு, தோளில் கலப்பை. பக்கத்தில் டிராக்டர் இருக்காது, சொசைட்டிக் கடன் இருக்காது, நாற்று நடுகிற பெண் ஒருத்திகூட இருக்க மாட்டாள். என்னைப் போல ஐ.டி.யில் இருப்பவர்கள் மாதாமாதம் வாங்குவது அந்தத் தாத்தாவைத்தான். கூடவே அரிசியும் வருகிறது.

இந்தத் தாத்தாவை பேக்கேஜிங் ஆட்கள் மட்டும் உருவாக்கவில்லை. தமிழ் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2014இல் ‘கத்தி’ விவசாயியைச் செத்தால்தான் கவனிக்கப்படுகிறவராகக் காட்டியது. 2021 பொங்கலுக்கு ஓடிடியில் வந்த ‘பூமி’ இன்னும் ஒரு படி மேலே போனது. நாசா விஞ்ஞானி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார், கார்ப்பரேட் சதியைக் கண்டுபிடிக்கிறார், விவசாயத்தில் இறங்குகிறார். காலமெல்லாம் சேற்றில் நின்றவர்கள் கூட்டமாக நின்று அவர் பேசுவதைக் கேட்கிறார்கள். உண்மையில் அது விவசாயிகளைப் பற்றிய படமே இல்லை, எங்களைப் பற்றிய படம். வேலையை விட்டுட்டு ஊர்ல போய் விவசாயம் பார்க்கணும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை லாகின் பண்ணுகிறவர்களின் பகல்கனவு.

இம்மாதிரி மேடைப்பேச்சில் பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம். அப்படியானால் புழுங்கலரிசி? ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்து வருவது. பதப்படுத்தாத நெல்லை யாரும் தின்பதில்லை. இட்லி மாவு, வடகம், கருவாடு எல்லாம் பதப்படுத்தல்தான். பிரேசிலின் கார்லோஸ் மொன்டேரோ குழு உணவை நான்காகப் பிரித்தபோது விரல் நீட்டியது கடைசிப் பிரிவை நோக்கி. உணவிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரை, எண்ணெய், மாவுச்சத்தோடு நிறமூட்டி, சுவையூட்டி எல்லாம் சேர்த்து ஆலையில் கட்டியெழுப்பும் பண்டங்கள் அவை. இந்த வேறுபாடு நம் வசனகர்த்தாக்களுக்கும் தேவையில்லை, கடைக்காரர்களுக்கும் தேவையில்லை. வேடிக்கை என்னன்னா, அதே தாத்தா சிரிக்கிற அலமாரியில்தான் சிறுதானிய நூடுல்ஸும் இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கோதுமை மாவை முதலில் போட்ட பாக்கெட்டுகள் கைக்குச் சிக்கும்.

மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) இந்தக் கும்பலில் சேராது. அதில் நடித்த நல்லாண்டி நிஜ விவசாயி, படம் வெளியாகுமுன் இறந்துபோனார். அவருடைய மாயாண்டி யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காகக் கைதாகி நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அவருக்குப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கவலைதான். கடைசியில் ஒரு போலீஸ்காரர் அந்த வயலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. வயல் என்பது தினமும் ஒருவர் போய் நிற்க வேண்டிய இடம் என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டவில்லை. தமிழில் விவசாயத்தைப் பற்றி வந்த படங்களில் எனக்கு இதுதான் முதல்.

ஆனாலும் அந்தத் தலைப்பு உறுத்துகிறது. ‘கடைசி’ என்று சொன்ன உடனேயே ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. தனியாக நிற்கும், களங்கமில்லாத, இனி வராத முதியவர்! அரிசிப் பைக்காரர்கள் விற்பதும் இவரைத்தானே? தெய்வத்திடம் யாரும் விலை பேசுவதில்லை. எவ்வளவு கிடைத்தது என்றும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் கணக்கு இடிக்கும். இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு, ஓராண்டுப் பயிர்களுக்கு மாறுதல் காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தால் நஷ்டம் அவருடையது, ‘ஆர்கானிக்’ என்று விற்கவும் முடியாது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் சன்னரகம், சாதாரண ரகம் என்று இரண்டே விலை. மூட்டையில் ஈரப்பதம் எவ்வளவு என்று பார்ப்பார்களே தவிர யூரியா போட்டதா என்று பார்க்க மாட்டார்கள். கடையில் அதே நெல் அரிசியாகி, ஜைவிக் பாரத் முத்திரையும் தாத்தா படமும் ஒட்டி நிற்கிறது. எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது. விளைவித்தவருக்குக் கிலோவுக்கு என்ன போனது என்பதை அச்சிட ஒரு வரி இடம் போதும். முண்டாசுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் மாகறல் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகம் வயலில் தொடங்குகிறது, வயலில் முதலில் கேட்பது கடைசியர்களின் பாட்டும் ஆரவாரமும். கடைசியர் என்றால் மருத நிலத்தின் உழவுப் பெண்கள். ‘கடைசி’ என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பக்திப் பாட்டுக்கே கூட்டமாக வேலை செய்யும் பெண்களின் சத்தம் கேட்டிருக்கிறது. நம்முடைய பைக்கும் திரைக்கும்தான் கேட்கவில்லை.

அந்தக் கோயிலின் தலக்கதையையும் சொல்லிவிடுகிறேன். பிரமன் உண்டாக்கிய பலா மரம் ஒன்று, நாளுக்கு ஒரு பழம் தரும். பழம் தினமும் சிதம்பரத்துக்குப் போய் நடராசருக்குப் படைக்கப்பட்டு, ராஜேந்திர சோழனுக்குப் போக வேண்டும். இன்றைய பாஷையில் தினசரி டெலிவரி. சுமக்கிற வேலை ஊராருக்கு, வீட்டுக்கு வீடு முறை வைத்து. ஒரு சிறுவனின் முறை வந்தபோது, ஊர் படும் பாட்டைப் பார்த்து அவன் மரத்தையே எரித்துவிட்டான். அரசன் அவனை நாடு கடத்தினான். இரவெல்லாம் போய் விடிந்த இடத்துக்கு விடிமாகறல் என்று பெயர். பழத்தின் ருசி எப்படி இருந்தது என்று கதையில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, சுமந்தவர்களின் கஷ்டம் மட்டும் நினைவில் நின்றிருக்கிறது.