ஒலி இழந்த நிலமும் ஆடும் உடலும்

காட்டின் அழிவைக் கண்ணால் அளப்பதே நம் வழக்கம். வெட்டுண்ட அடிமரங்களும் வறண்ட ஓடைகளும் நமக்குச் சான்றாகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அழிவும் உண்டு என்பதை அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி க்ராஸ் உணர்த்தினார். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள லிங்கன் புல்வெளியின் வைகறை ஒலியை 1988இல் அவர் பதிவு செய்தார். பின்னர் அங்கே ஆங்காங்கு தேர்ந்தெடுத்த மரங்கள் மட்டும் வெட்டப்பட்டன. அதனால் சூழலுக்குக் கேடு நேராதென்று ஊராருக்கு உறுதி கூறப்பட்டிருந்தது. ஓராண்டு கழித்து அவர் திரும்பியபோது புல்வெளி பார்வைக்கு மாறாமலே இருந்தது. புதிய ஒலிப்பதிவிலோ முந்தைய பறவைக் குரல்களின் செறிவு இல்லை. ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலுமே மேலோங்கிக் கேட்டன.

க்ராஸின் இத்தகைய பதிவுகளைக் கொண்டு, அவரும் ஆங்கிலேய இசையமைப்பாளர் ரிச்சர்ட் பிளாக்ஃபோர்டும் ஒலிக்கோவை அமைக்க, அலோன்சோ கிங் நடனம் வகுத்த படைப்பே 'பயோஃபோனி'. 2015இல் கிங்கின் லைன்ஸ் பாலே குழுவினர் இதனைச் சான்பிரான்சிஸ்கோவில் அரங்கேற்றினர். ஒரு வாழிடத்தின் உயிரினங்கள் சேர்ந்து எழுப்பும் ஒலித்தொகுதிக்குக் க்ராஸ் வழங்கிய பெயரே தலைப்பாயிற்று.

குலையாத காட்டில் பூச்சியும் தவளையும் பறவையும் ஒன்றன் குரலை மற்றொன்று மூடாதவாறு, தத்தமக்குரிய சுருதியையும் நேரத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது க்ராஸின் கோட்பாடு. அரங்கின் இடத்தையும் காலத்தையும் பகிர்ந்துகொள்ளும் நடனக்குழு இக்கோட்பாட்டிற்கு இயல்பாகவே பொருந்துகிறது. கதையையோ அறவுரையையோ நாடாமல், ஒலியின் அமைப்பையே உடலுக்கு அடிப்படையாக்கியது இக்கூட்டு முயற்சியின் பெருமை எனலாம்.

எனினும் ஒரு குறை உறுத்துகிறது. தம் சேகரத்தில் ஏறத்தாழப் பாதி, இன்று அழிந்தோ உருக்குலைந்தோ போன வாழிடங்களுக்குரியது என்று க்ராஸே கூறியுள்ளார். நடனம் நமக்குத் தருவதோ நிறைவின் களிப்பு. இரங்கல் என்பது இல்லாமையைக் காட்டியாக வேண்டும். லிங்கன் புல்வெளியின் இரு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பவர் சில நொடிகளில் பெறும் அதிர்ச்சியை இவ்வழகிய நடனம் தருவதில்லை. நேசிக்கக் கற்றவரே இழப்பை உணர்வர், ஆகவே நிறைவை முதலில் காட்டுவதே முறை என்று இதற்கு விடை கூறலாம். அவ்விடையில் நியாயம் உண்டு. ஆனால் ஒலி அடங்கிய பின்னும் உடல்கள் துணையின்றி ஆடும் நிலையை நாம் காண நேர்ந்திருந்தால், அந்த நேசம் நம் பொறுப்பாகவும் மாறியிருக்கும்.

2017 அக்டோபரில் சொனோமா பகுதியைத் தாக்கிய காட்டுத்தீயில் க்ராஸின் இல்லம் எரிந்தது. வேறிடங்களில் படிகள் இருந்தமையால் ஒலிப்பதிவுகள் தப்பின. அமானிதம் என்பது உரியவரிடம் குறையாது திருப்பித் தரவேண்டிய பொருள். பதிவுகளைக் குறையாமல் காத்துவிட்டோம். அவற்றுக்குரிய காடுகளுள் பல, திரும்பப் பெற்றுக்கொள்ள இன்று இல்லை. இவ்வுண்மையை மேடையேற்றும் கடமை இனிவரும் கலைஞரைச் சார்ந்தது.