குணமும் தேறுதலும்

வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலை விபத்தில் தலையடிபட்டுப் பிழைத்த ஒருவரின் மனைவி சொன்னார்: 'ஒடம்பு குணமாயிடுச்சு, குணந்தான் மாறிப்போச்சு.' நோய் நீங்குவதற்கும் மனித இயல்புக்கும் தமிழில் ஒரே சொல். குணமாக வேண்டும் என்கிறபோதே பழைய ஆளைத் திருப்பிக் கேட்கிறோம். வந்திருப்பவர் என்றைக்கும் பாக்கிதாரர்.

1848ல் அமெரிக்காவில் இரும்புத்தடி மண்டையைத் துளைத்தும் பிழைத்த ஃபினியஸ் கேஜை, 'இவன் பழைய கேஜ் இல்லை' என்றார்கள் நண்பர்கள். அந்த வாசகமே நிலைத்தது. பின்னர் சிலியில் அவர் பல வருஷங்கள் குதிரைக் கோச்சு ஓட்டியது மறக்கப்பட்டது.

2010ல் தமிழக அரசு ஊனமுற்றோரை மாற்றுத் திறனாளிகள் என்றது. கௌரவமான பெயர்தான். ஆனால் இன்னும் மாறிக்கொண்டிருப்பவருக்கு எந்தப் பெயரும் அவசரத் தீர்ப்பு.

நம்மிடம் தேறுதல் என்ற சொல் இருக்கிறது. நலமடைதல், தெளிதல், ஆறுதல் கொள்ளுதல், நம்புதல் எல்லாம் அதற்குள் உண்டு. பழைய ஆள் அதில் நிபந்தனை இல்லை.