கார் கதவைத் திறந்தால் பிணம்

துப்பறியும் படத்துக்குப் பாழடைந்த பங்களாவைவிடத் தொழிற்சாலைதான் தோதான இடம் என்பேன். ஊரே நடமாடும் இடம், எங்கும் வெளிச்சம். அங்கே குற்றத்தை ஒளித்துவைப்பதில்தான் சாமர்த்தியம்.

ஹிட்ச்காக்கின் ‘சபட்டர்’ (1942) கலிபோர்னியாவின் விமானத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. தீப்பிடித்ததை அவர் முதலில் நெருப்பாகக் காட்டுவதில்லை. அகன்ற கதவு, அதன்மேல் கரும்புகை படர்கிறது, அவ்வளவுதான். தீயணைப்புக் கருவிக்குள் இருந்ததோ பெட்ரோல். அதை நண்பனிடம் நீட்டிய நாயகன்மேல் பழி.

அதைவிட எனக்குப் பிடித்தது, அவர் எடுக்காமலே விட்ட ஒரு காட்சி. ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்துக்காக யோசித்ததாகப் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில் இருவர் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். பின்னால் ஒரு கார், நட்டு நட்டாக உருவாகிக்கொண்டே வருகிறது. முழுக் காராகி நின்றதும் கதவைத் திறந்தால், உள்ளிருந்து பிணம் சரிகிறது! வெறும் இரும்புத் துண்டாக இருந்ததிலிருந்து நம் கண்ணெதிரே இருந்த கார். பிணம் எப்போது ஏறியது? கதையோடு ஒட்டவைக்க முடியாமல் அவரே கைவிட்டுவிட்டார்.

ஸ்பீல்பர்க்கின் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’டில் (2002) நாயகனைச் சுற்றியே கார் உருவாகிறது, அதையே ஓட்டிக்கொண்டு தப்புகிறான். அமர்க்களம்தான். ஆனால் பிணம் இல்லையே!