தளிரும் குருத்தும்

சமீபத்தில் கையெழுத்துப் பிரதியாக வாசிக்கக் கிடைத்த ஒரு கவிதை, 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்தில் ஷெல்லடிபட்டுத் தலை போன யாழ்ப்பாணத்துப் பனையைப் பற்றியது. வெறும் மரம் நிற்பதை மட்டும் சொல்லி, அதற்கு மேல் பேசாத கறாரான வரிகள். ஆனால் கடைசி வரியில் அந்தப் பனை மறுபடி தளிர்க்கும் என்று முடிகிறது. என் ஆட்சேபம் அந்த ஒரு வார்த்தை குறித்தது.

பனை தளிர்ப்பதில்லை. அது குருத்து விடுகிறது. அகராதிச் சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. வேம்பை வெட்டினால் அடிமரத்தில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். சில வாரங்களில் தளிர். பனைக்கும் தென்னைக்கும் வளரும் இடம் ஒன்றே ஒன்றுதான். உச்சியில், மட்டைகளுக்கு நடுவில். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தாலும் அந்த இடம் தப்பினால் மரம் தப்பும். குருத்தழுகல் அங்கே இறங்கிவிட்டால் மரம் முடிந்தது. தளிர் என்ற வார்த்தைக்குள் 'மறுபடி' இருக்கிறது. குருத்துக்குள் அது இல்லை.

கொழுந்து வேறொரு அனுபவம். தேயிலையில் ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கிள்ளுவது கொழுந்து. கிள்ளக் கிள்ள வரும். நிறுத்துக் கூலி போடுவார்கள். அந்த வார்த்தையில் இன்னொருவரின் விரல் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக்கி, இளமை அல்லது நம்பிக்கை என்று மட்டும் அர்த்தம் கொள்வது நம் கவிதையின் பொதுப் பழக்கமாகிவிட்டது.

பழைய பட்டியல்கள் எல்லைகளை ஒரே மாதிரி வகுக்கவில்லை என்பது உண்மை. தொல்காப்பிய மரபியல் தளிரை அகக்காழ் கொண்ட மரத்துக்குத் தருகிறது. தேவநேயப் பாவாணர் (1902–1981) நெல், புல்லின் கொழுந்தைத் துளிர் அல்லது தளிர் என்கிறார். தென்னை, பனைக்குக் குருத்து என்கிறார். இவர்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் பனைக்குத் தளிரை இருவருமே தரவில்லை.

கவிதைக்குத் தாவர சாஸ்திரம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். படிமம் என்பது பொருளை விட்டு மேலெழுவதுதானே என்பார்கள். மேலெழட்டும், ஆனால் எதிலிருந்து? ஆங்கிலக் கவிதையின் வசந்தத்தில் மொட்டையாக நின்ற கிளைகள் துளிர்க்கின்றன என்றால், அங்கே பருவமே அந்த நம்பிக்கைக்கு ஜாமீன். அந்த வசந்தத்தைப் பாடமாகப் படித்த பழக்கத்தில், நாம் அதைப் பனையின் மேல் ஏற்றுகிறோம். ஜாமீன் நிற்க அங்கே யாருமில்லை. நான் வேலை பார்க்கும் வங்கியில் பற்றை வரவில் எழுதினால் அன்றைய கணக்கு நேராகாது. கவிதையில் இந்தப் பிசகு உருக்கமாகக்கூடத் தோன்றிவிடுகிறது.

ஆபத்து அங்கேதான். தலை போன பனை தளிர்க்கும் என்பது இழப்பைத் திரும்பப் பெறக்கூடியதாக ஆக்கிவிடுகிறது. இழந்தவர்களுக்கு அது ஆறுதல் அல்ல. வாசகனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி வைக்கும் உபாயம். அவ்வளவு கறாராக எழுதியவர் கடைசியில் பனையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

நம்பிக்கைக்கு அந்த மண்ணில் வார்த்தை இல்லாமலில்லை. பனங்கொட்டை விழுந்து முளைக்கும். கிழங்குக்காகத் தோண்டாமல் விட்டால் வடலியாகும். பாளை விட 12 வருஷத்துக்கு மேலும் ஆகும். ஆனால் முளைப்பது வேறு மரம். பழையது நின்ற இடத்தில் நிற்கும், தலையில்லாமல். இந்த இரண்டையும் ஒருசேர வைத்திருக்கும் வரிதான் எழுதப்பட வேண்டியது. அதற்கு 'தளிர்' உதவாது.