வில்லாளியின் முதுகு

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மயிலாப்பூர் மாடவீதிகளில் வலம் வரும் அறுபத்துமூவரில் வேடர் குலத்துக் கண்ணப்பரும் ஒருவர். அவர் கண்ணைத் தோண்டி அப்பிய கதை ஊரறிந்தது. பெரியபுராணத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பின்னாளில் கண்ணப்பரான திண்ணன் வில் பிடிக்கும் பருவத்தை எட்டியதும் தகப்பன் நாகன் மலைக்காரர்களைக் கூட்டி விழா எடுக்கிறான். புலி நரம்பில் செய்த காப்பைப் பையனின் முன்கையில் கட்டுகிறார்கள். பிறகுதான் பயிற்சி. கன்னி வேட்டைக்கு அவன் கிளம்புவது வளர்ந்து வாலிபனான பிறகு. அதுவரை வருடக்கணக்கில் வில்லைப் பழகுவதே வேலை. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இந்த வரிசையை அவசரப்படாமல் சொல்லியிருக்கிறார்.

இன்று நமக்கு அந்த வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. கிண்டிக் காட்டிலும் பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்திலும் புள்ளிமான்களும் வெளிமான்களும் அச்சமின்றி மேய்கின்றன. அப்படியே மேயட்டும். வேட்டையின் சவால் வேண்டும் என்பவர்களுக்கு உலக அளவில் ஒரு போட்டியே இருக்கிறது: நுரைப்பொருளால் செய்த விலங்குருவங்களைக் காட்டுப்பாதையில் ஆங்காங்கே நிறுத்திவிடுவார்கள், தூரத்தைச் சொல்லமாட்டார்கள், கண்ணால் அளந்துதான் எய்ய வேண்டும். நம்மூரில் தொடங்குபவருக்கு வட்டப் பலகையே போதும். வேட்டை போனதால் வில்லின் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அது பழகுவதில்தான் இருக்கிறது.

அந்த அழகைப் பார்க்க விரும்புகிறவர் பலகையைப் பார்க்கக் கூடாது. பலகையில் தெரிவது முடிந்துபோன காரியம். வில்லாளிக்குப் பின்னால், பாதுகாப்புக் கோட்டுக்கு இப்பால் நின்று அவர் முதுகைப் பாருங்கள். புதிதாக வந்தவர் கையால் இழுப்பார். புஜம் நடுங்கும், தோள் காது வரை ஏறும். தேர்ந்தவரின் கை வெறும் கொக்கிதான். இழுப்பது தோள்பட்டை எலும்பு. அது முதுகுத்தண்டை நோக்கி மெல்ல நகரும். நாண் மூக்கு நுனியையும் முகவாயையும் தொட்டு நிற்கும். அந்த நிற்றலில் உடம்பு ஓய்ந்திருக்காது. மார்பு இருபுறமும் விரிந்துகொண்டே இருக்கும். கிளிக்கர் என்னும் சின்னத் தகடு ‘டக்’ என்று ஒலிக்கும்போது விரல்கள் தாமாகத் தளரும். அம்பு போன பிறகு கை கழுத்தை ஒட்டிப் பின்னால் போய் நிற்கும். வில் முன்னால் சரியும், ஏனென்றால் அவர் அதை இறுகப் பிடிக்கவே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான கவட்டையில் அது சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். கச்சேரியில் காலப்பிரமாணம் பிசகாத பாடகரைக் கேட்கும் நிறைவு எனக்கு இதைப் பார்க்கும்போது கிடைக்கிறது.

ஒலிம்பிக்கில் பலகை 70 மீட்டர் தொலைவில். அதன் குறுக்களவு 122 செ.மீ. பத்துப் புள்ளி தரும் வட்டமோ வெறும் 12.2 செ.மீ. தகுதிச் சுற்றில் 72 அம்புகள். 45 பவுண்டு இழுவை உள்ள வில் என்றால் அன்று அந்த முதுகு இழுத்த மொத்தச் சுமை ஏறக்குறைய ஒன்றரை டன். இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் முதல் நாளே கனத்த வில்லுக்கு ஆசைப்படுகிறார்கள். பதினெட்டு, இருபது பவுண்டு வில்லே பெரியவர்களுக்கும் தொடக்கத்தில் போதும். கனத்த வில் கெட்ட பழக்கங்களைக் கற்றுத்தரும். அவற்றை மறக்க இரண்டு மடங்கு காலம் பிடிக்கும்.

நல்ல பழக்கம் தொடங்குவது குறியே இல்லாத பலகையில். மூன்று நான்கு மீட்டர் தொலைவில், தாள் ஒட்டாத வெறும் பலகை முன் நின்று, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கக் கண்ணை மூடி எய்வார்கள். மஞ்சள் வட்டம் இல்லாதபோது அதை அடிக்கும் பதற்றமும் இல்லை. தோள் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரியும். அனுபவசாலிகளும் தடுமாறும் நாட்களில் இந்தப் பலகைக்கே திரும்புகிறார்கள். அடிப்படைக்கு அவர்கள் தரும் இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்னொன்று, அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும். சரியாக அமையாத இழுப்பை எய்யாமல் மெல்ல இறக்கிவிடும் துணிவும் வேண்டும். வேடனுக்கும் அதுதான் அழகு.

ராஜஸ்தானின் லிம்பா ராம் மூங்கில் வில்லோடு காட்டில் வேட்டையாடி வளர்ந்த பழங்குடிப் பிள்ளை. 1987இல் அடையாளம் காணப்பட்டு, அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். கூர்மையான கண்ணைக் காட்டிலேயே பெற்றிருந்தார். ஒரே அசைவை நாள் முழுக்கப் பிசகாமல் செய்யும் ஒழுங்கு களத்தில் படிந்தது. நகரத்துக்கும் வில் வந்து சேர்ந்தது. சென்னையில் 2025 மார்ச்சில் மறைந்த ஷிஹான் ஹுசைனி, கராத்தேயோடு வில்வித்தையையும் இந்த நகரத்துப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தார்.

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் பழகுகிறவர்களுக்குக் காலை நேரமே நல்லது. வெயில் ஏறினால் வியர்வையில் விரலுறை வழுக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்தால் புதியவரின் இலேசான அம்பு விலகும். மொட்டை மாடியில் அம்பு எய்யும் யோசனையே வேண்டாம். தி.நகர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ரப்பர் பட்டை ஒன்றைக் கண்ணாடி முன் நின்று தினமும் இழுத்துப் பழகலாம். முதுகுக்கு அதைவிட மலிவான ஆசான் இல்லை.

வில் வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு பயிற்சிக் களத்தில் சேர்ந்து, இரண்டு கண்களில் எது ஓங்கியது என்று பார்க்கச் சொல்லுங்கள்; இடக்கை வில்லா வலக்கை வில்லா என்பது அதைப் பொறுத்தது. அங்கே இருப்பதிலேயே இலேசான வில்லைக் கேட்டு வாங்கிப் பழகுங்கள்.