பங்கீடும் நினைவும்: ஆர்வெலின் '1984' நாவலில் சாக்லேட்

ஆய்வுச்சுருக்கம்

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலில் வரும் பற்றாக்குறை, இரண்டாம் உலகப் போர்க்கால இலண்டனின் மிகைச் சித்திரமாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. நாவலின் கவலை பங்கு சிறுத்ததைப் பற்றியதன்று, அதன் அளவை நினைவில் வைத்திருக்கும் உரிமை பறிபோனதைப் பற்றியது என்பதைச் சாக்லேட் இடம்பெறும் காட்சிகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குறிச்சொற்கள்: பங்கீடு, போர்க்காலம், ஆர்வெல், நினைவு

1. முன்னுரை

பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரி 8 அன்று பதப்படுத்திய பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுடன் தொடங்கி, 1954 ஜூலையில் முடிவுற்றது. போர்க்காலத்தில் தடையின்றிக் கிடைத்த ரொட்டியே 1946 ஜூலை முதல் 1948 ஜூலை வரை பங்கீட்டுக்கு உட்பட்டது. ஆர்வெல் இந்நாவலை எழுதியதும் 1946க்கும் 1948க்கும் இடையில்தான். அவருடைய மனைவி எய்லீன் போரின்போது உணவு அமைச்சகத்தில் பணியாற்றியவர். ஆகவே, நாவலின் வறட்சிக்கு இலண்டன் வாழ்க்கையே மூலம் என்பதில் ஐயமில்லை. எனினும், மூலத்திலிருந்த ஒரு கூறு நாவலில் இல்லை.

2. அளவு என்னும் வாக்குறுதி

பிரிட்டனில் ஒவ்வொருவரிடமும் பங்கீட்டு ஏடு இருந்தது. ஒவ்வொருவரும் குறிப்பிட்ட கடையில் பதிந்துகொண்டனர். அளவுகள் மாறாமல் இருக்கவில்லை. 1941 மே மாதத்தில் வாரத்திற்கு 1 அவுன்சாக இருந்த பாலாடைக்கட்டி, 1942 ஜூலையில் 8 அவுன்சாக உயர்ந்து, பின்னர் குறைந்தது. ஆனால் குறைந்தது குறைந்ததாகவே அறிவிக்கப்பட்டது. கள்ளச்சந்தையும், வசதியுள்ளோர் உணவகங்களில் பங்கீட்டுக்குப் புறம்பாக உண்ட வழக்கமும் இருந்தன. இவற்றைக் கண்டு மக்கள் முறையிட முடிந்தது. தமக்குரிய அளவு இன்னதென அவர்கள் அறிந்திருந்ததே அதற்குக் காரணம். பழைய அளவை நினைவுகூர முடியாத ஓஷியானியாவில் இந்த முறையீட்டுக்கு இடமில்லை.

3. நாவலில் சாக்லேட்

சாக்லேட் பங்கு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப்படும் என்ற செய்தி வெற்றி முழக்கத்தின் பின்னே ஒலிக்கிறது. அவ்வாண்டு பங்கு குறையாது என முன்னர்த் தரப்பட்ட வாக்குறுதியை, குறையக்கூடும் என்ற எச்சரிக்கையாக மாற்றி எழுதுபவன் வின்ஸ்டனே. மறுநாள், பங்கை 20 கிராமாக 'உயர்த்தியமைக்கு' மக்கள் பெரியண்ணனுக்கு நன்றி கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அண்டைவீட்டான் பார்சன்ஸ் அதை எளிதாக நம்பிவிடுகிறான். நினைவு தன் ஒருவனிடம் மட்டுமே எஞ்சியுள்ளதோ என வின்ஸ்டன் திகைக்கிறான்.

இவ்வளவில் நின்றிருந்தால் இது அரசைப் பற்றிய அங்கதம் மட்டுமே. ஜூலியா தரும் கள்ளச்சந்தைச் சாக்லேட்டின் மணம், உருத்தெரியாத ஒரு பழைய நினைவை வின்ஸ்டனிடம் கிளர்த்துகிறது. பின்னர் ஒரு கனவின் வழி அது தெளிகிறது. சிறுவயதில், நெடுநாளுக்குப் பின் கிடைத்த 2 அவுன்ஸ் சாக்லேட்டில் தாய் முக்காற்பங்கை அவனுக்கும் காற்பங்கை நோயுற்ற தங்கைக்கும் தருகிறாள். தனக்கென எதையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. தங்கையின் கையிலிருந்ததையும் பறித்துக்கொண்டு அவன் ஓடுகிறான். கொடுக்க எதுவுமற்ற தாய் குழந்தையை அணைத்துக்கொள்கிறாள்.

தமிழில் பங்கீடு என்ற சொல், அரசின் அளந்து வழங்கும் முறையையும் ஒரு தாய் பிள்ளைகளுக்குப் பங்கிடுவதையும் ஒருங்கே சுட்டவல்லது. நாவல் இவ்விரண்டையும் ஒரே பொருளின் வழி இணைக்கிறது. அரசு திருடிய 10 கிராமை நினைவில் வைத்திருக்கும் வின்ஸ்டன், தான் திருடிய காற்பங்கை நெடுங்காலம் மறந்திருந்தவன். அவனைக் குற்றமற்ற சாட்சியாக நிறுத்தாததே இப்பகுதியின் வலிமை.

4. ஒரு குறை

நாவல் பங்கீட்டை முற்றிலும் பொய்யின் கருவியாகவே காட்டுகிறது. வலியோர் அனைத்தையும் வாங்கிக்கொள்ளாமல் எளியோருக்கும் ஒரு பங்கை உறுதிசெய்த ஏற்பாடு அது என்பதற்கு நாவலில் இடமில்லை. அந்த நியாயம் தாயின் கைகளில் மட்டுமே எஞ்சுகிறது. இது நாவலுக்குச் செறிவைத் தருகிறது. போர்க்கால பிரிட்டனுக்கு முழு நீதி செய்யவில்லை.

5. முடிவுரை

இறுதி இயலில், தாயுடன் பாம்பும் ஏணியும் விளையாடி மகிழ்ந்த ஒரு பிற்பகல் வின்ஸ்டனின் மனத்தில் எழுகிறது. அதைப் பொய்நினைவு என அவனே ஒதுக்கிவிடுகிறான். 30 என்ற எண்ணை அழிக்கத் தொடங்கிய அதிகாரம் தாயின் முகம்வரை வந்து சேர்ந்துவிட்டது. அளவைப் பற்றிய பொய் சிறியதன்று என்பதை நாவலின் இக்கட்டமைப்பே மெய்ப்பிக்கிறது.